பட்ஜெட் விமானத்தில் சிங்கப்பூர், மலேசியா: டிக்கெட் எடுக்கும் முன் பெட்டியை எடை போடுங்கள்

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பட்ஜெட் விமானத்தில் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். தேதியைப் போட்டுத் தேடுவது, வருகிற பட்டியலில் எது மலிவோ அதைத் தொடுவது. அந்த மலிவு விலை பொய் இல்லை. ஆனால் அது உங்களையும் உங்கள் கையில் இருக்கும் ஒரு சின்னப் பையையும் அங்கே இறக்கிவிடுவதற்கான விலை. பெட்டி, சீட், சாப்பாடு, தேதி மாற்றும் வசதி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்: முதலில் எடை, அப்புறம் கட்டணம், கடைசியில் சீட்.

இந்த வழித்தடங்களில் அதிகம் கண்ணில் படுபவை ஏர்ஏசியா, ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். ஏர்ஏசியா 2008-ல் இந்தியாவுக்குள் வந்தபோது முதலில் இறங்கிய ஊரே திருச்சிதான். ஆகவே நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வகை விமானம் புதிதல்ல. ஆனால் நான்கு நிறுவனங்களுக்கும் நான்கு விதமான விதிகள். ஒன்றில் போய்வந்த அனுபவத்தை வைத்து இன்னொன்றில் ஏறினால் கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வீர்கள். கீழே சொல்லும் எடைகளும் அளவுகளும் அவ்வப்போது மாறுபவை என்பதால், பணம் கட்டும் முன் நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எடை

கொண்டுபோகப் போவதையெல்லாம், முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசியாவது, ஒரு பெட்டியில் வைத்துப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு கடைகளில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் உடல் எடை பார்க்கும் மெஷினில் பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை ஏறி இறங்கிக் கழித்துக்கொள்ளலாம். பெட்டியின் சொந்த எடையை யாரும் நினைப்பதில்லை. சக்கரம் வைத்த பெரிய பெட்டி காலியாகவே நான்கைந்து கிலோ இருக்கும். திருச்சி விமான நிலையத்தில் அட்டைப்பெட்டிக்கு டேப் சுற்றி, நைலான் கயிறு கட்டி, மேலே மார்க்கரில் பெயர் எழுதிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த அட்டைப்பெட்டி ஒரு கிலோ இருந்தால் அதிகம். மிச்சமாகும் மூன்று கிலோவில் அரிசி முறுக்கும் பருப்புப்பொடியும் போய்ச் சேரும்.

அடுத்து கைப்பை. இங்கேதான் நிறுவனங்கள் அதிகம் வேறுபடுகின்றன. ஏர்ஏசியாவில் ஒரு கைப்பெட்டி, கூடவே ஒரு சின்னப் பை, இரண்டும் சேர்ந்து 7 கிலோ. கைப்பெட்டி 56 × 36 × 23 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஸ்கூட்டில் சாதாரண எகானமிக்கு இரண்டும் சேர்ந்து 10 கிலோ, அளவு 54 × 38 × 23. இண்டிகோவில் கைப்பெட்டிக்கு 7 கிலோ, மடிக்கணினிப் பை அல்லது பெண்கள் கைப்பைக்குத் தனியாக 3 கிலோ. 'இரண்டும் சேர்ந்தா, தனித்தனியா' என்ற இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏர்ஏசியாவில் மடிக்கணினிக்கு இரண்டு கிலோ போனால் மிஞ்சுவது ஐந்து. அதில் சக்கரம் வைத்த கைப்பெட்டியே இரண்டரை கிலோ தின்றுவிடும். பட்ஜெட் விமானத்துக்கு முதுகில் மாட்டும் துணிப்பைதான் சரி.

கைப்பை விஷயத்தில் 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற தைரியம் வேண்டாம். சில நாள் பார்க்கவே மாட்டார்கள், உண்மைதான். பார்க்கும் நாளில் கவுன்ட்டரிலும் பார்ப்பார்கள், விமானம் ஏறும் வாயிலிலும் பார்ப்பார்கள். வாயிலில் கேட்கும் கட்டணம்தான் எல்லாவற்றிலும் அதிகம்.

செக்-இன் பெட்டிக்கு இந்த நிறுவனங்களில் பெரும்பாலும் மொத்த எடைதான் கணக்கு. அப்படியானால் 20 கிலோ வாங்கி அதை இரண்டு பெட்டியாகவும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவர்களின் முதுகைக் காப்பதற்காக உலகம் முழுக்க வைத்திருக்கும் வரம்பு அது. கூடுதல் காசு கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள், பிரித்துக் கட்டச் சொல்வார்கள்.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு விஷயம்: போகும்போதும் வரும்போதும் ஒரே எடை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பயணத்துக்கும் லக்கேஜைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். மகள் வீட்டுக்குப் போகும் அம்மா அப்பா போகும்போது 30 கிலோ நிறைய மாவும் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோவார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறு. போகும்போது நான்கு சட்டை, வரும்போது மைலோவும் கோடாலித் தைலமும் சாக்லேட்டும். இருபக்கமும் 30 என்று பழக்கத்தில் டிக் செய்தால் ஒருபக்கக் காசு வீண்.

இரண்டு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் ஆளுக்கு 20 வாங்கும் முன் யோசியுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 28 கிலோதான் தேறும் என்றால் ஒருவர் பெயரில் மட்டும் 30 வாங்கினால் போதும். 20-லிருந்து 30-க்குப் போகும் கூடுதல் விலை, புதிதாக ஒரு 20 வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவு. கைப்பைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அது ஆளுக்கு ஆள் தனி.

பெட்டிக்குள் எது போகக் கூடாது என்பதையும் இப்போதே பார்த்துவிடுவோம், ஏனென்றால் எடுத்துப் போட்டுவிட்டால் எடையும் மாறும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-மணி வரை அனுமதி, அதாவது 20,000 எம்.ஏ.எச். வரை கவலை இல்லை. ஸ்கூட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் தடை. கொப்பரைத் தேங்காய், அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் தீப்பற்றும் பொருள் என்பதால் எந்தப் பெட்டியிலும் வேண்டாம். ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டியில், இரண்டு மூன்று பிளாஸ்டிக் உறை போட்டு. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப்பொடியில் கசகசா சேர்த்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அப்புறம் கட்டணம்

எடை தெரிந்துவிட்டதா? இப்போது தளத்தைத் திறக்கலாம். ஒரே விமானத்துக்கு மூன்று நான்கு விலை காட்டும். பெயர்கள்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவது, கைப்பை மட்டும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இதற்கு 'லைட்' என்று பெயர். இந்தியாவில் செக்-இன் பெட்டி இல்லாதவர்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்துக்கொள்ள விமான நிறுவனங்களுக்கு, அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2021 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது, அதன்பிறகு வந்த வகை இது. இரண்டாவது, பெட்டி சேர்ந்தது. மூன்றாவது, பெட்டியோடு சாப்பாடும் சீட்டும் சேர்ந்தது. ஸ்கூட்டில் இந்த மூன்றாவது வகையை 'ஃப்ளைபேக்ஈட்' என்பார்கள், 20 கிலோவும் ஒரு சாப்பாடும் சேர்ந்தே வரும். எல்லாவற்றுக்கும் மேலே, தேதி மாற்றும் வசதியோடு ஒன்று. இண்டிகோவில் வழக்கமான கட்டணத்திலேயே செக்-இன் பெட்டி சேர்ந்திருக்கும், உள்நாட்டில் 15 கிலோ. வெளிநாட்டுக்கு எவ்வளவு என்பது வழித்தடத்தைப் பொறுத்தது.

மூட்டையாக வாங்குவதா, உதிரியாகவா? ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. ஒரு கணக்குக்காக, கற்பனை எண்களோடு: வெறும் டிக்கெட் 8,000 ரூபாய், 20 கிலோ பெட்டி 3,200, சாப்பாடு 600. மொத்தம் 11,800. அதே நாளில் சாப்பாடும் பெட்டியும் சேர்த்தே தருகிற ஒரு விமானம், சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ, கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கனோ, 12,500-க்குக் கிடைத்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். எழுநூறு ரூபாய்க்காக ஒவ்வொரு கிலோவையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதுவே முதுகுப்பையோடு நான்கு நாள் சுற்றிவரும் கல்லூரி மாணவனுக்கு 8,000 என்பது 8,000-ஆகவே நிற்கிறது. அவனுக்கு பட்ஜெட் விமானம்தான் லாபம். பட்ஜெட் விமானம் மலிவா என்று கேட்டால், பெட்டி இல்லாதவனுக்கு நிச்சயமாக மலிவு என்பேன்.

கூடுதல் சேவைகளின் விலை நேரத்தோடு ஏறும். டிக்கெட் போடும்போதே லக்கேஜ் சேர்த்தால் குறைவு. பிறகு முன்பதிவைத் திறந்து சேர்த்தால் கொஞ்சம் கூடுதல். கவுன்ட்டரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், அது வலிக்கும். அதனால்தான் தராசை முதலில் எடுக்கச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் ஒரு படி மேலே வாங்குங்கள். 20-க்கும் 25-க்கும் உள்ள விலை வித்தியாசத்தைவிட, விமான நிலையத்தில் இரண்டு கிலோவுக்குக் கொடுக்கும் அபராதம் அதிகமாக இருக்கும்.

பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும் முன் காப்பீடு, முன்னுரிமை ஏற்றம், குறுஞ்செய்தி என்று சின்னச் சின்னப் பெட்டிகள் வரும். எது டிக் ஆகியிருக்கிறது என்று பார்த்து வேண்டாததை எடுத்துவிடுங்கள். கடைசியில் கன்வீனியன்ஸ் கட்டணம் என்று ஒன்று சேரும். கார்டுக்கு ஒரு தொகை, யுபிஐக்கு வேறு தொகை என்று இருந்தால் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

எங்கே வாங்குவது? விலையை ஒப்பிட்டுப் பார்க்கப் பயணத் தளங்கள் நல்லவை. வாங்குவதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே செய்யுங்கள். இடைத்தளத்தில் வாங்கினால் லக்கேஜ் வகைகள் எல்லாம் காட்டாது, தேதி மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ போனால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கை காட்டுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இந்திய நிறுவனங்களில் நேரடியாகத் தளத்தில் வாங்கிய டிக்கெட்டை 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அபராதம் இல்லை என்கிறது டிஜிசிஏ விதி. பயணத்துக்கு உள்நாட்டில் குறைந்தது 7 நாளும், வெளிநாட்டுக்கு 15 நாளும் இருக்கும்போது வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். 'பணம் திரும்பாது' என்று எழுதிய டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் போகாவிட்டால் அரசு வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்கும். தானாக வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பெயர் என்றதும் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, பலருடைய பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. விமானத் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. பல நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. நீங்கள் போகும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். இன்ஷியலை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருந்தால் டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

சீட்: பெரும்பாலும் காசு வேண்டாம்

இந்த நிறுவனங்கள் நம் வழித்தடங்களில் அதிகம் ஓட்டுவது ஏ320 வகை விமானம். நடுவில் ஒரு நடைவழி, இருபக்கமும் மும்மூன்று சீட். ஏ-யும் எஃப்-பும் ஜன்னல், சி-யும் டி-யும் நடைவழி ஓரம், பி-யும் இ-யும் நடுவில் மாட்டிக்கொள்ளும் இடங்கள். திருச்சி–சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு மணி நேரம் நடு சீட்டில் உட்கார்ந்து யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்பது என் கட்சி. தனியாகப் போகும் இளவயதுக்காரர்கள் சீட்டுக்குக் காசு கொடுக்காமல், செக்-இன் செய்யும்போது தானாக வருவதை வாங்கிக்கொள்ளலாம்.

காசு கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. இரவு விமானத்தில் தூங்கியே ஆக வேண்டும் என்றால் ஜன்னல் சீட். வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது, தலையைச் சாய்க்க ஒரு சுவர் கிடைக்கும், பக்கத்துக்காரர் எழுப்ப மாட்டார். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயதானவர்கள் அடிக்கடி எழ வேண்டியிருக்கும், அவர்களுக்கு நடைவழி ஓரம். வயதான தம்பதிக்கு இரண்டு சீட்டும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. மொழி தெரியாத ஆட்களுக்கு நடுவே அம்மா ஒரு வரிசை, அப்பா ஒரு வரிசை என்று உட்கார்ந்தால் பயணம் முழுக்க இருவருக்கும் பதற்றம்.

கால் நீட்ட இடம் அதிகம் என்று அவசர வழி வரிசையை ஆசையாக வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு. அம்மா அப்பாவுக்கு அதை வாங்காதீர்கள். ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்கள் மட்டும்தான் அங்கே உட்காரலாம். முதியவர், கர்ப்பிணி, குழந்தையோடு இருப்பவர், சக்கர நாற்காலி கேட்டவர் என்றால் ஏறியபிறகும் எழுப்பி வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வரிசைக்கு நேர் முன்னால் இருக்கும் சீட்டுகள் பல விமானங்களில் பின்னால் சாயாது. கடைசி வரிசை கழிவறைக்குப் பக்கம், இறங்கும்போதும் கடைசி. இவற்றுக்கெல்லாம் காசு கொடுப்பது வீண்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோர் ஒருவருக்காவது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ விமான நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. எல்லோரையும் ஒரே முன்பதிவில் போடுவதுதான் இதற்கு முக்கியம். மலிவு டிக்கெட் இரண்டு மட்டும் மிச்சம் இருக்கிறதென்று குடும்பத்தைப் பிரித்து இரண்டு பிஎன்ஆரில் போட்டால் இந்த உரிமை போய்விடும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்கூட்டியே பதிவு செய்தால் விலை குறைவு. சைவம் வேண்டுமென்றால் முன்பதிவு அவசியம், மேலே போய்க் கேட்டால் நூடுல்ஸ்தான் மிஞ்சும். ஏர்ஏசியாவில் அசைவக்காரர்கள் 'பாக் நாசர்' என்ற பெயரில் தரும் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம். வெளியிலிருந்து கொண்டுவரும் புளியோதரையைச் சில நிறுவனங்கள் விமானத்தில் பிரிக்க விடுவதில்லை, அதை ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.

மாறிப் போகிறவர்கள் கவனத்துக்கு

பட்ஜெட் விமானங்களில் உண்மையான பண இழப்பு மாறிச் செல்லும் பயணங்களில்தான் நடக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூர் டிக்கெட்டில் 30 கிலோ இருக்கும், உள்நாட்டு டிக்கெட்டிலோ 15 கிலோதான். கூடுதலாக இருக்கும் பதினைந்துக்கும் தூத்துக்குடியிலேயே தண்டம். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு, டெர்மினல் மாறி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, புது டிக்கெட்தான். இப்படிப் போக வேண்டியிருந்தால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். பெட்டி கனமாக இருந்தால் சென்னை வரை ரயிலில் வந்துவிடுவது எவ்வளவோ மேல்.

கோலாலம்பூரில் மாறுவதும் அப்படியே. ஏர்ஏசியா இறங்குவது கேஎல்ஐஏ விமான நிலையத்தின் டெர்மினல் 2-ல், பாத்திக் ஏர் உள்ளிட்ட வேறு பல நிறுவனங்கள் டெர்மினல் 1-ல். இரண்டும் வேறு வேறு கட்டடங்கள், நடுவே ரயிலிலோ பேருந்திலோதான் போக வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் குடிநுழைவு முடித்து மலேசியாவுக்குள் வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் தகுதியும் வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே முன்பதிவில் இணைப்பாக வாங்கினால் பெட்டி நேராகப் போய்ச் சேரும். விலை ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் முதல் பயணத்துக்கு அதுவே நிம்மதி.

கிளம்பும் நாள்

வெப் செக்-இன் திறந்ததும் முடித்துவிடுங்கள். இண்டிகோவில் ஓரிரு நாள் முன்னதாகத் திறக்கும், ஏர்ஏசியாவில் இரண்டு வாரம் முன்பே செய்யலாம். இலவசமாக ஒதுக்கப்படும் சீட்டில் சுமாராக நல்லது கிடைக்க முந்திக்கொள்வது உதவும். சீட் வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் விலை போட்டிருந்தால் பயந்து ஒன்றை வாங்க வேண்டாம். எதையும் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக வழி இருக்கும், சின்ன எழுத்தில். போர்டிங் பாஸைத் தாளில் அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நிறுவனங்கள் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் தரத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அமைச்சகம் சொல்லிவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் சில இன்னும் வாங்குகின்றன.

கவுன்ட்டர் புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். பட்ஜெட் நிறுவனங்கள் இதில் தயவு காட்டுவதில்லை. விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துத்தான் அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். வரிசையில் நிற்கும் முன் நிலையத்தில் இருக்கும் தராசில் பெட்டியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். அரைக்கிலோ கூடியிருந்தால் அங்கேயே ஓரமாகப் பிரித்து ஒரு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம். கவுன்ட்டரில் போய்ப் பிரித்தால் பின்னால் நிற்கிறவர்களின் முணுமுணுப்பையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

திரும்பி வருவதற்கு இரண்டு நாள் முன் அங்கேயும் எடை பாருங்கள். சிங்கப்பூர் முஸ்தஃபா கடையில் வாங்கியதெல்லாம் வாங்கிய எடைக்குள் அடங்காது என்று தெரிந்தால், தங்கியிருக்கும் வீட்டிலிருந்தே தளத்தைத் திறந்து ஐந்து கிலோ கூட்டிக்கொள்ளலாம். ஆனால் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே அந்த வசதியை மூடிவிடுவார்கள். டாக்சியில் போகும்போது செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.